குருத்வாராவுக்கு முதன்முறை போகிறீர்களா?

அமிர்தசரஸ் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி இதுதான்: "அங்கே என்ன சாமி?" கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களாக இருந்தால், "இந்து மதத்தையும் இஸ்லாமையும் கலந்து செய்ததுதானே சீக்கிய மதம்?" என்பார்கள். இரண்டாவது கேள்விக்கு இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். சீக்கிய சமயத்தைத் தொடங்கிய குரு நானக் (1469–1539) இரண்டு மரபுகளையும் நெருக்கமாக அறிந்தவர். ஆனால் இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று எடுத்துச் சேர்த்தவர் அல்ல, தனியாக ஒரு வழியைக் காட்டியவர். முதல் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நேரம் ஆகும். வாயால் விளக்குவதைவிட, சீக்கியர்கள் கூடி வழிபடும் ஒரு குருத்வாராவுக்குள் அரை நாள் இருந்துவிட்டு வந்தால் எளிதாகப் புரியும். அந்த அரை நாளை எப்படிக் கழிப்பது என்று இங்கே எழுதுகிறேன்.

அமிர்தசரஸ் பொற்கோயிலை வைத்துச் சொல்கிறேன். அதன் சரியான பெயர் ஹர்மந்திர் சாகிப். வேறு எந்த ஊர் குருத்வாராவுக்குப் போனாலும் முறை ஏறக்குறைய இதேதான். சென்னைக்காரர்கள் தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் இருக்கும் குருத்வாராவிலேயே தொடங்கலாம். பொதுவாக ஞாயிற்றுக்கிழமை காலைதான் கூட்டம் இருக்கும்.

கிளம்பும் முன்

யார் வேண்டுமானாலும் போகலாம். மதம், சாதி, நாடு எதுவும் கேட்க மாட்டார்கள். கட்டணம் கிடையாது, சிறப்புத் தரிசனச் சீட்டும் கிடையாது. அர்ச்சனைத் தட்டு வாங்க வேண்டுமா என்று தேடாதீர்கள். இங்கே அர்ச்சனை இல்லை, தேங்காய் உடைப்பதும் இல்லை. விரதம் இருந்து வர வேண்டும், நல்ல நாள் பார்த்து வர வேண்டும் என்பதும் இல்லை. நாள் நட்சத்திரம் பார்ப்பதைச் சீக்கியக் குருமார்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை.

கை கால் மூடிய, தரையில் சம்மணம் போட்டு உட்கார வசதியான உடையாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆணோ பெண்ணோ குழந்தையோ, தலையை மூடியே ஆக வேண்டும். துப்பட்டா, பெரிய கைக்குட்டை, சேலைத் தலைப்பு எதுவானாலும் சரி, தொப்பி மட்டும் வேண்டாம். மறந்துவிட்டால் கவலையில்லை, வாசலில் ஒரு கூடை நிறைய துணி வைத்திருப்பார்கள். சட்டைப் பையில் சிகரெட், பீடி, பான்பராக் இருந்தால் அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அவர்கள் நெறியில் புகையிலை கடுமையாக விலக்கப்பட்டது. குடித்துவிட்டுப் போகவே கூடாது.

இந்தி தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். கை கூப்பி "சத் ஸ்ரீ அகால்" என்று சொன்னால் போதும். காலம் கடந்த அந்த ஒன்றே உண்மை என்பது அதன் பொருள்.

செருப்பு விடும் இடம்

இதை நின்று கவனியுங்கள். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், உள்ளூரில் நல்ல வசதியாக இருப்பவர் என்று பார்த்தாலே தெரியும், உங்கள் செருப்பை இரண்டு கையாலும் வாங்கி, அடுக்கில் வைத்துவிட்டு டோக்கன் தருவார். சிலர் அங்கேயே உட்கார்ந்து அடுத்தவர் செருப்பின் தூசியைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் சம்பள ஆட்கள் அல்ல. கடையையோ அலுவலகத்தையோ விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் இதற்காக வந்தவர்கள். இதற்குச் சேவை என்று பெயர். அகங்காரத்தைக் கரைக்க இதைவிட நேரான வழி இல்லை என்று நம்புகிறார்கள். தெரியாத ஒருவர் என் பழைய செருப்பை வாங்கிக்கொண்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. டோக்கனை நீட்டும்போது அவர் சிரித்த சிரிப்பில் அந்தக் கூச்சம் போய்விட்டது.

அப்புறம் கை கழுவிவிட்டு, வாசலில் ஓடும் ஆழமில்லாத நீரில் காலை நனைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

கீழே இறங்கும் படிகள்

நம் பெரிய கோயில்களுக்கு ஏறிப் போயே பழகியவர்களுக்கு இங்கே ஒரு மாற்றம் தெரியும். ஹர்மந்திர் சாகிப் சுற்றியிருக்கும் தரையைவிடத் தாழ்வாக இருக்கிறது. படியிறங்கித்தான் போக வேண்டும். நான்காம் குரு ராம்தாஸ் வெட்டத் தொடங்கிய திருக்குளத்தின் நடுவில், ஐந்தாம் குரு அர்ஜன் கோயிலைக் கட்டினார். நான்கு பக்கமும் வாசல் வைத்தார். எந்தத் திசையிலிருந்தும், எந்த வருணத்திலிருந்தும் வரலாம் என்பதற்காக என்று சொல்வார்கள். பொன் தகடு போர்த்தியது மிகவும் பின்னால், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மகாராஜா ரஞ்சித் சிங் காலத்தில்.

குளத்தை வலமாகச் சுற்றுங்கள். பளிங்குத் தரை வெயிலில் சுடும், குளிர்காலத்தில் சில்லென்று இருக்கும். நடைபாதையில் விரித்திருக்கும் விரிப்பின் மேல் நடங்கள். குளிப்பவர்கள் குளிப்பார்கள், கட்டாயம் இல்லை. வழியில் தண்ணீர் தரும் இடங்கள் உண்டு. அங்கே கிண்ணத்தில் வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். சுற்றுப் பாதையில் அடக்கமாகப் படம் எடுக்கலாம். கருவறைக்குப் போகும் பாலத்தில் ஏறிய பிறகு போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

பாலத்துக்கு எதிரே தெரியும் கட்டடம் அகால் தக்த். ஆறாம் குரு ஹர்கோவிந்த் 1606-இல் எழுப்பியது. அவர் இரண்டு வாள்கள் தரித்தார், ஒன்று உலகியல் அதிகாரத்துக்கு, மற்றது ஆன்மிகத்துக்கு. தியானம் செய்கிறவன் அநியாயத்தைக் கண்டு ஒதுங்கிப் போகக் கூடாது என்பது அதன் பொருள். குளத்துக்குள் கீர்த்தனை, எதிரே நியாய சபை. இரண்டையும் நேர் எதிரே வைத்திருப்பதைப் பார்த்தாலே இந்தச் சமயத்தின் மனப்போக்கு பாதி புரிந்துவிடும். 1984 ஜூன் ராணுவ நடவடிக்கையில் அகால் தக்த் கடுமையாகச் சிதைந்து, பிறகு திரும்பக் கட்டப்பட்டது. அந்த ஆண்டின் காயம் இன்னும் ஆறவில்லை. புதிதாக அறிமுகமானவரிடம் அதைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள்.

உள்ளே யார் இருக்கிறார்?

விடுமுறை நாள் என்றால் பாலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட நிற்க வேண்டி வரும். வரிசையில் யாரும் யாரையும் முந்துவதில்லை. உள்ளே போனதும் கண் தானாக ஒரு சிலையைத் தேடும். சிலை இருக்காது. விதானத்தின் கீழே, பட்டுத் துணி விரித்த மேடையில் ஒரு நூல் இருக்கும். பின்னால் ஒருவர் சாமரம் வீசிக்கொண்டிருப்பார். அந்த நூல்தான் குரு கிரந்த் சாகிப்.

இந்த இடத்தில் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். வேதம், பைபிள், குர்ஆன் எல்லாமே போற்றப்படும் நூல்கள்தான். ஆனால் சீக்கியர்களுக்கு இந்த நூலே குரு. பத்து மனிதக் குருமார்களுக்குப் பிறகு, 1708-இல் நாந்தேடில், குரு கோவிந்த் சிங் இனி மனிதர் யாரும் குரு இல்லை, கிரந்தமே குரு என்று சொல்லிவிட்டுப் போனார். வாரிசுச் சண்டைக்கும் புதுச் சாமியார்களுக்கும் அந்த ஒரு வார்த்தையால் கதவை அடைத்தார். அதனால்தான் அதற்கு அரசருக்கு உரிய மரியாதை. விடியலுக்கு முன் எழுப்புகிறார்கள், இரவில் துயில வைக்கிறார்கள், கோடையில் விசிறுகிறார்கள். பக்கம் என்று சொல்லாமல் "அங்" என்கிறார்கள். நம் "அங்கம்" என்ற சொல்தான் அது. மொத்தம் 1430 அங்கங்கள்.

தாள்களை வணங்குகிறார்களா என்றால் இல்லை. குருவின் சொல்லுக்குத்தான், அதாவது "சபத்" என்று அவர்கள் சொல்வதற்குத்தான் தலை வணங்குகிறார்கள். குனிந்து தரையில் நெற்றி படும்படி வணங்குவது அவர்கள் வழக்கம். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் கை கூப்பி நிற்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். காணிக்கை உங்கள் விருப்பம். பிறகு ஓரமாகத் தரையில் உட்காருங்கள். கிரந்தத்தின் பக்கம் காலை நீட்டாதீர்கள்.

இப்போது காதைக் கொடுங்கள். ஆர்மோனியமும் தபலாவுமாக ராகிகள் என்ற பாடகர்கள் பாடிக்கொண்டிருப்பார்கள். பாடுவது கிரந்தத்தில் இருப்பவற்றைத்தான். நூல் முழுக்கப் பாட்டுதான், அதுவும் பெரும்பகுதி ராக வாரியாக அடுக்கியது. தேவாரத்தைப் பண்முறையில் தொகுத்ததை அறிந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும். குரு நானக் ஊர் ஊராகப் போனபோது கூடவே ரபாப் என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்துக்கொண்டு போன தோழர் மர்தானா ஒரு முஸ்லிம்.

இன்னொன்றைச் சொன்னால் நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள். குரு அர்ஜன் 1604-இல் முதல் தொகுப்பைச் செய்தபோது, குருமார்களின் பாடல்களோடு வேறு மரபைச் சேர்ந்த அடியார்களின் பாடல்களையும் சேர்த்தார். நெசவாளி கபீர், தோல் வேலை செய்த ரவிதாஸ், துணிக்குச் சாயமிடும் குலத்து நாமதேவர், முடி திருத்தும் சைன், சூஃபியான ஷேக் பரீத் என்று 15 பேர். அன்றைக்குக் கோயில் வாசலையே மிதிக்க விடாத ஒரு குலத்தவரின் பாட்டு, இன்று கோடிக்கணக்கானவர்கள் தரையில் விழுந்து வணங்கும் நூலுக்குள் இருக்கிறது. வேற்று மதத்தவரின் வாக்கைத் தன் மூல நூலுக்குள்ளேயே வைத்துக் குருவாக வணங்கும் சமயம் உலகத்தில் வேறு எது இருக்கிறது? எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

நூலின் தொடக்கம் "இக் ஓங்கார்". ஒன்றே உள்ளது. அது உண்மை, படைப்பது, அச்சமற்றது, பகையற்றது, பிறப்பில்லாதது என்று தொடரும். அச்சமற்ற, பகையற்ற என்ற இரண்டு சொற்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய வரலாறு முழுக்க இந்த இரண்டும் வரும்.

எல்லோரும் எழுந்து நின்றால்

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் எழுவார்கள். நீங்களும் எழுந்து கை கூப்பி நில்லுங்கள். இது அர்தாஸ், பொதுப் பிரார்த்தனை. குருமார்களையும் உயிர் கொடுத்தவர்களையும் நினைத்துக்கொண்டு, கடைசியில் "சர்பத் தா பலா" என்று முடிப்பார்கள். எல்லோருக்கும் நல்லது நடக்கட்டும் என்பது பொருள். தங்கள் மதத்தாருக்கு மட்டும் என்று கேட்பதில்லை.

அதன் பிறகு கிரந்தத்தைத் தானாக விழும் இடத்தில் திறந்து, கண்ணில் படும் பாடலை வாசிப்பார்கள். அது ஹுக்கம்நாமா, அன்றைய கட்டளை. குழந்தைக்குப் பெயர் வைப்பதும் இப்படித்தான், திறந்த இடத்தில் வரும் முதல் எழுத்தில்.

வாசிப்பவர் கிரந்தி. அவரைப் பூசாரி என்றோ பாதிரியார் என்றோ நினைத்துவிடாதீர்கள். கடவுளுக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கும் வேலை அவருக்கு இல்லை. தீட்சை பெற்ற ஆண் பெண் யாரும் வாசிக்கலாம் என்பது விதி. "அரசர்களைப் பெற்றெடுப்பவளை எப்படித் தாழ்ந்தவள் என்று சொல்வது?" என்று கேட்டவர் நானக். ஆனால் ஹர்மந்திர் சாகிப் கருவறைக்குள் கீர்த்தனை பாடும் வாய்ப்பு பெண்களுக்குக் கிடைக்காமலே இருந்து வந்திருக்கிறது. அதை மாற்றக் கோரி 2019-இல் பஞ்சாப் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. அதேபோல் பஞ்சாபில் பல கிராமங்களில் சாதிக்கு ஒரு குருத்வாரா இருப்பதும் உண்மை. குருமார்கள் சொன்னதை அப்படியே செய்துவிட வேண்டும் என்று நினைக்கிற சீக்கியர்களே இதைப் பற்றி மனம் நொந்து பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நானும் அவர்கள் பக்கம்தான்.

வெளியே வரும்போது கடா பிரசாதம் தருவார்கள். கோதுமை மாவு, சர்க்கரை, நெய் மூன்றும் சம அளவு சேர்த்துக் கிளறியது. இரண்டு கையையும் குவித்து வாங்க வேண்டும். கையில் வைத்ததும் சூடு தெரியும், நெய் விரலிடுக்கில் வழியும். துடைக்கத் துணி தேடாதீர்கள், அவர்கள் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்வதுபோல நீங்களும் செய்யுங்கள். கொஞ்சமாக வேண்டும் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வாங்கியதை வீசக் கூடாது.

லங்கரில் சாப்பிடாமல் வராதீர்கள்

பசியில்லை, நேரமில்லை என்று, குருத்வாராவின் பொதுச் சமையலறைச் சாப்பாடான லங்கரைத் தவிர்த்துவிட்டு வந்தவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். நீங்கள் தேடி வந்த பதில் இங்கேதான் இருக்கிறது.

வாசலில் தட்டு, கிண்ணம், கரண்டி தருவார்கள். உள்ளே நீளமான பாய்கள். வரிசையில் எந்த இடம் காலியோ அங்கே உட்கார வேண்டும். பக்கத்தில் யார் என்று தேர்ந்தெடுக்க முடியாது. இந்த வரிசைக்குப் பெயர் பங்கத். நாம் பந்தி என்கிறோமே, இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. தமிழில் "பந்தி வஞ்சனை" என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. ஆளைப் பார்த்துப் பரிமாறுவதைச் சொல்வது அது. அந்த வஞ்சனையை அடியோடு ஒழிக்கத்தான் லங்கரை வைத்தார்கள். மூன்றாம் குரு அமர்தாஸ், முதலில் பந்தியில் உட்கார், அப்புறம் என்னைப் பார் என்று விதி போட்டார். பேரரசர் அக்பரும் அப்படித் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் அவரைப் பார்த்தார் என்று மரபில் சொல்கிறார்கள். யார் சமைத்தது, யார் தொட்டது என்று பார்த்த காலத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பது நம் ஊர்ப் பந்திகளின் வரலாறு தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரொட்டி வரும்போது கவனியுங்கள். முதல் தடவை நான் தட்டை நீட்டினேன். பரிமாறிய பையன் போடவில்லை, பொறுமையாக நின்றான். பக்கத்தில் இருந்த பாட்டி என் முழங்கையைத் தொட்டு, தன் இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் காட்டினார். ரொட்டியை அங்கே "பர்ஷாதா" என்கிறார்கள். பிரசாதம்தான். பிரசாதத்தை இரண்டு கையாலும் ஏந்தித்தானே வாங்க வேண்டும்? நான் ஏந்தியதும் பையன் இரண்டு ரொட்டிகளை வைத்துவிட்டு நகர்ந்தான். பாட்டி தலையசைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.

பருப்பு, காய்கறி, பாயசம்போல ஒரு கீர், இவ்வளவுதான். முழுக்கச் சைவம். எல்லோரும் சாப்பிடக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதற்காக. எத்தனை முறையும் கேட்டு வாங்கலாம், ஆனால் தட்டில் மிச்சம் வைக்காதீர்கள். பொற்கோயிலில் இரவும் பகலும் அடுப்பு அணைவதில்லை. சாதாரண நாளிலேயே 50,000 பேருக்குக் குறையாமல் சாப்பிடுகிறார்கள். மாவும் பருப்பும் பாலும் மக்கள் கொடுப்பது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொதுக் காரியத்துக்குத் தருவது அவர்களுக்கு நெறி. நாமம் ஜபி, உழைத்துச் சம்பாதி, பகிர்ந்து உண், நானக்கின் வழி இந்த மூன்றுதான். துறவு, காடு, பட்டினி எதுவும் அதில் இல்லை.

சாப்பிட்டதும் ஓடிவிடாமல் அரை மணி நேரம் வேலை செய்யுங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பூண்டு உரிக்கும் கூட்டத்தில் உட்கார்ந்தால் கத்தியைக் கையில் கொடுப்பார்கள். ரொட்டி தேய்க்கத் தெரியாவிட்டால் திருப்பிப் போடலாம். எனக்குப் பிடித்தது பாத்திரம் கழுவும் இடம். எவர்சில்வர் தட்டுகள் மோதும் சத்தம் தெருவரை கேட்கும். நீளத் தொட்டியின் இரண்டு பக்கமும் மருத்துவர், லாரி ஓட்டுநர், கல்லூரி மாணவி, கனடாவிலிருந்து வந்த குடும்பம் என்று கலந்து நிற்பார்கள். ஒருவர் கழுவிய தட்டை அடுத்தவர் மறுபடி கழுவுவார்.

மனிதர்களோடு பேசும்போது

"எதற்குத் தலைப்பாகை?" என்று மரியாதையாகக் கேட்டால் மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார்கள். 1699 வைசாகித் திருநாளில், பஞ்சாபின் ஆனந்த்பூரில், குரு கோவிந்த் சிங் உருவிய வாளோடு தலை கேட்டார். எழுந்து வந்தவர்கள் ஐந்து பேர். லாகூரிலிருந்து ஒருவர், ஹஸ்தினாபுரத்திலிருந்து ஒரு விவசாயி, துவாரகையிலிருந்து ஒருவர், பூரியிலிருந்து தண்ணீர் சுமப்பவர், நம் பக்கத்துப் பீதரிலிருந்து முடி திருத்துபவர். ஒரே பாத்திரத்து அமிர்தத்தை அவர்களுக்குக் கொடுத்து, கால்சா என்ற தீட்சை பெற்றவர்களின் அமைப்பைத் தொடங்கினார். பிறகு அந்த ஐவர் முன் தானே கை கட்டி நின்று, எனக்கும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். குரு சீடனிடம் தீட்சை கேட்ட அந்தக் காட்சியை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

தீட்சை பெற்றவர்களுக்கு ஐந்து அடையாளங்கள்: வெட்டாத முடி (அதை மூடிக் கட்டுவதுதான் தலைப்பாகை), மரச் சீப்பு, இரும்புக் காப்பு, கச்சேரா என்ற அரைக்கால் உள்ளாடை, கிர்பான் என்ற குறுவாள். கிர்பானைத் தொட்டுப் பார்க்கவோ உருவிக் காட்டச் சொல்லவோ வேண்டாம். யாருடைய தலைப்பாகையிலும் கை வைக்காதீர்கள். எல்லாச் சீக்கியரும் தீட்சை பெற்றவர் அல்லர், அதனால் முடி வெட்டியவரைப் பார்த்து நீங்கள் சீக்கியர்தானா என்று சந்தேகப்படாதீர்கள். ஆண்களுக்குச் சிங், பெண்களுக்குக் கௌர் என்று பெயர் வைத்தது, குலப் பெயரைப் பார்த்துச் சாதியைக் கண்டுபிடிக்கும் பழக்கத்தை ஒழிக்க. சிங் என்ற பெயர் உள்ளவர்கள் எல்லோரும் சீக்கியர்களும் அல்ல. சர்தார்ஜி ஜோக்குகளை மறந்தும் சொல்லிவிடாதீர்கள். நாம் சிரித்துவிட்டுப் போய்விடுவோம், பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைகள்தான் அதைச் சுமக்கிறார்கள்.

மதம் மாறச் சொல்வார்களோ என்று பயப்பட வேண்டாம். உங்கள் மதத்தில் நல்லவராக இருங்கள் என்பார்கள். ஒன்பதாம் குரு தேக் பகதூர், தான் அணியாத பூணூலை அணிந்த காஷ்மீரப் பண்டிதர்களின் உரிமைக்காக நின்று, 1675-இல் டெல்லி சாந்தினி சவுக்கில் தலையைக் கொடுத்தவர். டெல்லி வழியாகத் திரும்பினால் அந்த இடத்தில் இருக்கும் சீஸ் கஞ்ச் குருத்வாராவுக்கும் போய்விட்டு வாருங்கள்.

இரவு வரை இருக்க முடிந்தால்

இருந்துவிடுங்கள். பத்து மணியை ஒட்டி, பருவத்துக்கு ஏற்ப நேரம் கொஞ்சம் மாறும், குரு கிரந்த் சாகிப்பைத் துணியில் பொதிந்து தலையில் சுமந்து வந்து, பூ அலங்கரித்த பல்லக்கில் வைத்து அகால் தக்துக்கு எடுத்துப் போவார்கள். கொம்பு ஊதும் சத்தம் தண்ணீரின் மேல் பரவும். பல்லக்கின் தண்டைத் தோளில் வாங்க ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டடி தூரம்தான் கிடைக்கும், அதற்குள் அடுத்தவர் தோள் கொடுத்துவிடுவார். பாலத்தின் இடப்பக்கமோ வலப்பக்கமோ முன்கூட்டியே போய் நின்றுகொண்டால் நன்றாகப் பார்க்கலாம். குழந்தைகளை முன்னால் விட்டுவிடுங்கள். தங்குவதற்கு வளாகத்தை ஒட்டியே சத்திரங்கள் உண்டு, சராய் என்பார்கள். அடையாள அட்டையோடு பகலிலேயே போய்க் கேட்டுவைத்துவிடுங்கள், இரவில் இடம் கிடைப்பது சிரமம்.